சிகிச்சைச் செலவு: செவிவழிக் கருத்துகளும் உண்மை நிலையும்

குடும்பத்தில் ஒருவர் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது, மருத்துவரின் அறிவுரையுடன் வேறு பல அறிவுரைகளும் உங்களை வந்தடைகின்றன. உறவினர், அண்டை வீட்டார், பக்கத்துப் படுக்கை நோயாளியின் உடனிருப்போர், காப்பீட்டு முகவர் எனப் பலரும் தத்தம் பட்டறிவிலிருந்து ஒரு கருத்தைக் கூறுவர். அவர்களது நோக்கம் நல்லதே. ஆயினும், ஒருவருடைய காப்பீட்டுக்குப் பொருந்திய விதி உங்களுடையதற்குப் பொருந்தாமல் போகலாம். சில ஆண்டுகளுக்கு முன் இருந்த விதி இன்று மாறியிருக்கலாம்.

எந்த மருத்துவமனை, எந்த அறை, எந்தத் திட்டம், பணம் எங்கிருந்து என்னும் நான்கு முடிவுகளே ஒரு குடும்பத்தின் மொத்தச் செலவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. இவை பெரும்பாலும் சேர்க்கையின் முதல் சில மணி நேரத்தில், பதற்றத்துக்கு இடையே எடுக்கப்படுகின்றன. எனவே, பொதுமக்களிடையே பரவலாக வழங்கும் சில கருத்துகளையும், அவை குறித்த உண்மை நிலையையும், நீங்கள் செய்ய வேண்டியவற்றையும் இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்பு: நெஞ்சுவலி, பக்கவாத அறிகுறிகள், மூச்சுத்திணறல், விபத்துக் காயம் முதலிய அவசர நிலைகளில் செலவைப் பற்றிய எந்த விசாரணைக்காகவும் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது. உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள், இச்சேவை கட்டணமற்றது. இங்குக் கூறப்படும் மற்றவை நோயாளியின் உடல்நிலை சீரானபின் கவனிக்கத் தக்கவை. சாலை விபத்துகளைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டு எல்லைக்குள் காயமடைந்தவர்க்கு, அவர் எந்த ஊரினர் ஆயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு செலவில் வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் முதல் செயற்பாட்டில் உள்ளது.

கருத்து 1: “காப்பீட்டு அட்டை இருக்கிறது, இனிச் செலவே இல்லை”

அட்டைகளில் பல வகை உண்டு. முதலில், உங்கள் கையில் இருப்பது எது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: இது 2012 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது, 2018 செப்டம்பர் முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் நலத் திட்டத்துடன் ஒருங்கிணைக்கப்பட்டுள்ளது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழி உண்டு. ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்டப் பதிவு மையத்தை அணுகலாம்.

தனியார் அல்லது பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி: இது நீங்கள் பிரீமியம் செலுத்திப் பெற்றதாகவோ, பணிபுரியும் நிறுவனம் பெற்றுத் தந்ததாகவோ இருக்கலாம். எவற்றுக்கு, எவ்வளவு கிடைக்கும் என்பது முற்றிலும் பாலிசி ஆவணத்தைப் பொறுத்தது.

தொழிலாளர் அரசுக் காப்பீடு: ஈ.எஸ்.ஐ. எனப்படும் இத்திட்டம் மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாத பணியாளர்க்கு உரியது. ஊதியச் சீட்டில் ஒவ்வொரு மாதமும் பிடித்தம் செய்யப்பட்டும், இதன் பயனைப் பெறாமல் தனியார் மருத்துவமனையில் கடன்படுவோர் உள்ளனர். இத்திட்டத்தில் பணியாளருக்கு மட்டுமன்றி அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் மருத்துவ வசதி உண்டு.

ஆபா எண்: இது 14 இலக்கங்கள் கொண்ட மருத்துவக் கணக்கு எண். உங்கள் மருத்துவப் பதிவுகளை மின்னணு முறையில் இணைத்து வைக்க இது உதவும். இது காப்பீட்டு அட்டை அன்று. இதனைக் காட்டினால் கட்டணம் குறையாது. ‘ஆயுஷ்மான்’ என்னும் பெயர் இரண்டிலும் வருவதால் பலர் இதனைக் காப்பீட்டு அட்டை எனக் கருதிச் சேர்க்கையின்போது ஏமாற்றம் அடைகின்றனர்.

அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாகத் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும், பட்டியலிடப்பட்ட சிகிச்சை முறைகளுக்கும் உரியவை. வெளிநோயாளியாகப் பெறும் ஆலோசனை, அன்றாட மாத்திரை ஆகியவை பொதுவாக இவற்றில் அடங்கா. மேலும், திட்டத்தில் இணைந்த மருத்துவமனையில் மட்டுமே பயன்பெற முடியும். ஒரே மருத்துவமனை ஒரு சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றும் வேறொன்றுக்குப் பெறாமலும் இருக்கலாம். ஆகவே, “இங்கே காப்பீட்டுத் திட்டம் உண்டா?” என்று கேட்பது போதாது, “இந்தச் சிகிச்சைக்கு, இந்த மருத்துவமனையில், இந்த அட்டையின்கீழ் அனுமதி உண்டா?” என்று கேளுங்கள். அனுமதி பெற்ற சிகிச்சைக்குத் தனியே பணம் கேட்கப்பட்டால், பணம் செலுத்துவதற்கு முன் அம்மருத்துவமனையில் உள்ள திட்ட உதவி மையத்திலோ, கட்டணமில்லாத் தொலைபேசியிலோ தெரிவியுங்கள்.

கருத்து 2: “காப்பீடுதானே தருகிறது; நல்ல அறையாகவே எடுத்துக்கொள்ளலாம்”

தனியார் பாலிசி வைத்திருப்போர் பெரும் பணத்தை இழப்பது இக்கருத்தால்தான். பல பாலிசிகளில் நாளொன்றுக்கான அறை வாடகைக்கு வரம்பு உண்டு. காப்பீட்டுத் தொகையில் 1 விழுக்காடு என்பது பரவலாகக் காணப்படும் வரம்பு. காப்பீட்டுத் தொகை 3 லட்சம் ரூபாய் எனில், உங்களுக்கு உரிய அறை வாடகை நாளொன்றுக்கு 3,000 ரூபாய் ஆகும்.

நீங்கள் 6,000 ரூபாய் அறையைத் தேர்ந்தெடுத்தால் கூடுதல் வாடகையை மட்டும் செலுத்தினால் போதும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இத்தகைய பாலிசிகளில் விகிதாசாரக் கழிவு என்னும் விதி உண்டு. அறை வாடகையில் பாதியே உங்களுக்கு உரியது எனில், அறுவை மருத்துவர் கட்டணம், மயக்க மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், செவிலியர் கட்டணம் ஆகியவற்றிலும் பாதியே வழங்கப்படும். மருந்து, நுகர்பொருள், உடலில் பொருத்தப்படும் கருவி, பரிசோதனை ஆகியவற்றின் செலவுக்கு இக்கழிவைச் செய்யக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் விதி. தீவிரச் சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்துக்கும் இக்கழிவு பொருந்தாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஐந்து நாள் தங்கிச் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைக்கான கட்டணம் 2,00,000 ரூபாய் எனக் கொள்வோம்.

அறை வாடகை 30,000 ரூபாய்: கிடைப்பது 15,000 ரூபாய்.
மருத்துவர், அரங்கம், செவிலியர் கட்டணம் 1,00,000 ரூபாய்: கிடைப்பது 50,000 ரூபாய்.
மருந்து, பரிசோதனை, பொருத்தப்படும் கருவி 70,000 ரூபாய்: கிடைப்பது 70,000 ரூபாய்.

காப்பீட்டு நிறுவனம் வழங்குவது 1,35,000 ரூபாய். நீங்கள் செலுத்த வேண்டியது 65,000 ரூபாய். இரு அறைகளுக்கும் இடையிலான வாடகை வேறுபாடோ ஐந்து நாளைக்கு 15,000 ரூபாய் மட்டுமே. அதாவது, கூடுதல் வாடகையைப் போல நான்கு மடங்குக்கும் மேலான தொகை உங்கள் கையிலிருந்து செல்கிறது. பல மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர உயர, அதே அறுவைச் சிகிச்சைக்கான மருத்துவர் கட்டணமும் உயரும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

எனவே, அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், “என் பாலிசிப்படி எனக்கு உரிய அறை எது?” என்று கேட்டறியுங்கள். உரிய அறை காலியாக இல்லாததால் உயர்ந்த அறை ஒதுக்கப்பட்டால், அதனை எழுத்து வடிவில் பெற்று, அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். உரிய அறை காலியானவுடன் மாற்றித் தருமாறும் கேளுங்கள்.

அறை வரம்பைத் தவிர வேறு சில நிபந்தனைகளும் உண்டு. கண்புரை முதலிய சில சிகிச்சைகளுக்கு உச்ச வரம்பு இருக்கலாம். மொத்தக் கட்டணத்தில் குறிப்பிட்ட பங்கை நோயாளியே ஏற்க வேண்டும் என்னும் விதி, குறிப்பாக முதியோர்க்கான பாலிசிகளில், இருக்கலாம். கையுறை முதலிய சில நுகர்பொருள்களுக்கும், உடனிருப்போரின் உணவுக்கும் தொகை கிடைக்காமல் போகலாம். முன்பணமில்லாச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தாலும், கையில் சிறிது தொகை வைத்திருப்பது நலம்.

கருத்து 3: “சர்க்கரை நோய் இருப்பதைச் சொன்னால் பாலிசி கிடைக்காது, சொல்லாமல் விடுங்கள்”

இக்கருத்து ஒரு குடும்பத்தின் பல ஆண்டுப் பிரீமியத்தை வீணாக்கக் கூடியது. விண்ணப்பத்தில் மறைக்கப்பட்ட நோய், சேர்க்கையின்போது மருத்துவர் எழுதும் நோய் வரலாற்றில் இயல்பாகவே வெளிப்பட்டுவிடும். “எத்தனை ஆண்டாக மாத்திரை உட்கொள்கிறீர்கள்?” என்னும் வினாவுக்கு நோயாளி உண்மையைத்தான் கூறுவார், சிகிச்சைக்கு அதுவே இன்றியமையாதது. அப்பதிவும் விண்ணப்பமும் முரண்படும்போது, கோரிக்கை மறுக்கப்படலாம், பாலிசியே நீக்கப்படலாம்.

நோயைத் தெரிவித்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் பிரீமியம் சற்றுக் கூடும். அல்லது அந்நோய்க்கான சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் விதிக்கப்படும். முன்னர் 48 மாதம் வரை இருந்த இக்காலம், 2024 ஏப்ரல் முதல் அதிக அளவாக 36 மாதம் எனக் குறைக்கப்பட்டுள்ளது. மேலும், பாலிசியை இடைவிடாமல் 60 மாதம் புதுப்பித்து வந்தவரின் கோரிக்கையை, நோயைத் தெரிவிக்கவில்லை என்னும் காரணத்துக்காக மறுக்க இயலாது. மோசடி நிறுவப்பட்டால் மட்டுமே மறுக்கலாம். அரசுத் திட்டத்தில் காத்திருப்புக் காலம் இல்லை; முன்பே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே சிகிச்சை பெறலாம்.

பாலிசி கைக்கு வந்த 30 நாள்களுக்குள் அதனைப் படித்துப் பார்த்து, நிபந்தனைகள் உடன்பாடில்லை எனில் திருப்பி அளிக்கலாம். முகவர் நிரப்பிய விண்ணப்பத்தின் நகல் பாலிசியுடன் இருக்கும். அதில் உங்கள் நோய் விவரம் சரியாக எழுதப்பட்டுள்ளதா என்பதை இந்த 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும்.

கருத்து 4: “அறுபத்தைந்தைக் கடந்தவர்க்குக் காப்பீடு கிடையாது”

புதிய பாலிசி பெறுவதற்கு இருந்த 65 வயது வரம்பு 2024 ஏப்ரல் முதல் நீக்கப்பட்டுள்ளது. எல்லா வயதினர்க்கும் ஏற்ற பாலிசிகளை வழங்குமாறு நிறுவனங்கள் அறிவுறுத்தப்பட்டுள்ளன. ஆயினும் முதுமையில் பிரீமியம் மிகுதியாக இருக்கும் என்பது உண்மை.

70 வயது நிறைந்தோர்க்கு, வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை வழங்கும் விரிவாக்கம் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. தனியார் பாலிசி வைத்திருப்போரும் இதில் சேரலாம். ஆதாரில் உள்ள வயதே இதற்குச் சான்று. உங்கள் பகுதியில் சேர்க்கை எங்கு நடைபெறுகிறது என்பதை 14555 என்னும் எண்ணில் கேட்டறியுங்கள்.

கருத்து 5: “மறுத்துவிட்டார்கள், இனி ஒன்றும் செய்வதற்கில்லை”

முதல் மறுப்பு இறுதி மறுப்பு அன்று. முன்பணமில்லாச் சிகிச்சைக்கான விண்ணப்பத்தின் மீது 1 மணி நேரத்துக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும் என்றும், வீடு திரும்பும் நாளில் இறுதி ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்றும் ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட தாமதத்தால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால், அதனைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும்.

முன்பணமில்லாச் சிகிச்சைக்கு அனுமதி மறுக்கப்படுவதும், கோரிக்கையே மறுக்கப்படுவதும் வெவ்வேறு. முன்னது மறுக்கப்பட்டாலும், நீங்கள் கட்டணத்தைச் செலுத்தி, அசல் ஆவணங்களுடன் பின்னர் கோரிக்கை அனுப்பலாம். அதற்கு மருத்துவமனைச் சுருக்கக் குறிப்பு, விளக்கமான கட்டணப் பட்டியல், பணம் செலுத்திய சீட்டுகள், பரிசோதனை அறிக்கைகள், மருந்துச் சீட்டுடன் கூடிய மருந்துக் கடைப் பட்டியல்கள் ஆகியவை தேவை. மருத்துவ ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பித்தால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் அவற்றை வழங்க வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி.

கோரிக்கை மறுக்கப்பட்டால் பின்வரும் வரிசையில் செயல்படுங்கள்.

முதலாவதாக, மறுப்புக்கான காரணத்தையும், அது பாலிசியின் எந்தப் பிரிவின்படி என்பதையும் எழுத்து வடிவில் பெறுங்கள்.

இரண்டாவதாக, காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். மருத்துவரின் விளக்கக் கடிதத்தை இணைப்பது பெரிதும் உதவும். ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ வழியாகவும், 155255 என்னும் எண் வழியாகவும் புகாரைப் பதியலாம்.

மூன்றாவதாக, ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகுங்கள். இவரது அலுவலகம் சென்னையில் உள்ளது. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டு முறையீடுகளை இவர் விசாரிக்கலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனத்தின் மறுப்புக் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் முறையிட வேண்டும்.

கருத்து 6: “நல்ல சிகிச்சை வேண்டுமானால் பெருநகருக்குத்தான் செல்ல வேண்டும்”

அரிய அறுவைச் சிகிச்சை, உறுப்பு மாற்று, சில புற்றுநோய்ச் சிகிச்சைகள் ஆகியவற்றுக்குச் சென்னை, வேலூர், மதுரை, புதுச்சேரி முதலிய நகரங்களுக்குச் செல்ல நேரிடலாம். ஆனால் நோயைக் கண்டறிந்து சிகிச்சைத் திட்டம் வகுக்கப்பட்டபின், அதன் பல கட்டங்களை உங்கள் மாவட்டத்திலேயே பெற இயலும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இன்று பெரும்பாலான மாவட்டங்களில் உள்ளன. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மருந்துகள், இயன்முறைச் சிகிச்சை, வலி தணிப்புப் பராமரிப்பு ஆகியவற்றை வீட்டிலேயே வழங்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு முதல் நடைபெறுகிறது. ஆகவே, “தொடர் சிகிச்சையை எங்கள் ஊரிலேயே பெற இயலுமா? அங்குள்ள மருத்துவருக்குக் கடிதம் தர முடியுமா?” என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் பயணச்சீட்டு, தங்குமிடம், உணவு, உடனிருப்பவரின் கூலி இழப்பு ஆகியவை சேரும். இவற்றைப் பொதுவாக எந்தக் காப்பீடும் ஈடு செய்வதில்லை.

பயணம் தேவையெனில், இரயில்வேயின் கட்டணச் சலுகையைப் பயன்படுத்துங்கள். முதியோர் சலுகை 2020 இல் நிறுத்தப்பட்டதால், நோயாளர் சலுகையும் நிறுத்தப்பட்டது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று, 11 வகை நோயாளர்க்கான சலுகை தொடர்கிறது.

புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் கட்டணம் இல்லை; உடன் செல்லும் ஒருவருக்கு அவ்வகுப்புகளில் 75 விழுக்காடு சலுகை உண்டு. இதய அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோர், சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கோ இரத்தச் சுத்திகரிப்புக்கோ செல்வோர், தலசீமியா நோயாளிகள் ஆகியோர்க்கும், உடன் செல்லும் ஒருவருக்கும் அதே வகுப்புகளில் 75 விழுக்காடு சலுகை உண்டு. சிகிச்சைக்கும், குறித்த காலப் பரிசோதனைக்கும் மேற்கொள்ளும் பயணத்துக்கு இது பொருந்தும். இரயில்வே வகுத்துள்ள படிவத்தில் மருத்துவமனையின் சான்றிதழைப் பெற்று, நிலைய முன்பதிவு மையத்தில் காட்டிப் பயணச்சீட்டுப் பெற வேண்டும். மருத்துவமனையிலிருந்து புறப்படும் நாளிலேயே அடுத்த பயணத்துக்கான சான்றிதழையும் பெற்றுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

கருத்து 7: “எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது, தாள் எதற்கு?”

தொழில்நுட்பம் பல வகையில் உதவுகிறது. ‘இ-சஞ்சீவனி’ சேவை வழியாக வீட்டிலிருந்தே மருத்துவரிடம் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். ஆபா எண் வழியாகப் பல மருத்துவமனைகளில் வரிசையில் நில்லாமல் வெளிநோயாளர் சீட்டுப் பெறலாம். உங்கள் ஒப்புதல் இன்றி அப்பதிவுகளை எவரும் காண இயலாது. ஆபா எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கப்படவும் கூடாது.

ஆயினும் கைப்பேசி மட்டும் போதாது. கோரிக்கைக்கு அசல் தாள்கள் தேவைப்படலாம். கைப்பேசியின் உரிமையாளரே நோயாளியாகிச் சுயநினைவின்றி இருக்கும்போது, அதன் பூட்டைத் திறக்க வழியின்றிக் குடும்பத்தினர் தவிப்பதுண்டு. காப்பீட்டு அட்டையின் நகல், பாலிசி எண், ஒவ்வாமை விவரம், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு, வீட்டில் அனைவரும் அறிந்த இடத்தில் வையுங்கள்.

நோயாளியின் குடும்பத்தைக் குறிவைக்கும் இணைய மோசடிகளும் உள்ளன. தேடுபொறியில் கிடைக்கும் ‘மருத்துவமனை உதவி எண்’ போலியாக இருக்கலாம். முன்பதிவுக்கு ஒரு செயலியைப் பதிவிறக்குமாறும், 10 ரூபாய் செலுத்துமாறும் கூறி, வங்கிக் கணக்கிலுள்ள பணத்தைக் கவர்வர். மருத்துவமனைச் சீட்டில் அச்சிட்டுள்ள எண்ணை மட்டுமே பயன்படுத்துங்கள். ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் கூறாதீர்கள். பணம் இழந்தால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழையுங்கள். விரைந்து தெரிவித்தால் பணப் பரிமாற்றத்தை நிறுத்தும் வாய்ப்புக் கூடும்.

கருத்து 8: “கடன் வாங்கியாவது இன்றே கட்டிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்”

உயிரைக் காக்கக் கடன் பெறுவதில் தவறில்லை. எந்தக் கடனை எந்த வரிசையில் பெறுவது என்பதே கவனிக்கத் தக்கது.

கடனுக்கு முன் உங்களுக்கு உரிய பயன்களைக் கேட்டறியுங்கள். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உரிய பங்களிப்பு நாள்களை நிறைவு செய்த பணியாளர்க்கு, நோய்வாய்ப்பட்ட காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். வருங்கால வைப்புநிதி உறுப்பினர் தமக்கோ குடும்பத்தினர்க்கோ நேர்ந்த நோயின் சிகிச்சைக்காக அதிலிருந்து முன்பணம் பெறலாம்.

கடன் தேவையெனில், நகையின் பேரிலோ, ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் பேரிலோ வங்கி அல்லது நிறுவனம் வழங்கும் கடனின் வட்டி, கைப்பேசிச் செயலிகள் வழங்கும் உடனடிக் கடனின் வட்டியைவிடப் பெரும்பாலும் குறைவு. ஆயுள் பாலிசியை முறித்துப் பணம் பெறுவதைவிட, அதன் பேரில் கடன் பெறுவது நலம். குடும்பத்துக்கு அப்பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் காலம் அதுவே.

எந்தக் கடனாயினும், ஆண்டு மொத்தச் செலவு விழுக்காட்டைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். மின்னணு முறையில் கடன் வழங்குவோர் இதனைத் தர வேண்டும் என்பதும், உங்கள் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்தல் கூடாது என்பதும் இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகள். அவற்றுக்கு அனுமதி கேட்கும் செயலியைத் தவிர்த்துவிடுங்கள்.

வீடு திரும்பிய பின்னும் மருந்துச் செலவு தொடரும். மருத்துவரின் ஒப்புதலுடன், பொதுப் பெயர் மருந்துகளைப் பிரதமரின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் குறைந்த விலையில் பெறலாம். விலை மிகுதி என்பதற்காக மருந்தை நிறுத்துவதோ, அளவைக் குறைப்பதோ கூடாது. மருத்துவரிடம் கூறினால் மாற்று வழி உண்டு.

சேர்க்கை நாளில் உடனிருப்போர் கேட்க வேண்டிய ஏழு வினாக்கள்

1. இந்தச் சிகிச்சைக்கு எங்கள் அட்டை அல்லது பாலிசி இங்குச் செல்லுமா?
2. எங்களுக்கு உரிய அறை எது? அதன் நாள் வாடகை எவ்வளவு?
3. சிகிச்சைக்கான உத்தேசச் செலவை எழுதித் தர முடியுமா?
4. காப்பீட்டில் அடங்காத செலவுகள் எவை?
5. அனுமதி விண்ணப்பம் எப்போது அனுப்பப்பட்டது? அதன் எண் என்ன?
6. செலவு உத்தேசத்தைக் கடக்கும் நிலை வந்தால் எங்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பீர்களா?
7. வீடு திரும்பும்போது எந்தெந்த அசல் ஆவணங்கள் தரப்படும்?

குடும்பத்தில் ஒருவர் நோயாளியின் அருகிலும், மற்றொருவர் இவ்விவரங்களைக் கவனிப்பதற்கும் என்று பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது நலம். விடைகளை ஒரு குறிப்பேட்டில், தேதியுடனும் கூறியவரின் பொறுப்புடனும் எழுதி வையுங்கள். பிறர் கூறும் அறிவுரையைப் பொறுமையுடன் கேளுங்கள். ஆனால் கையெழுத்திடும் முன் உங்கள் ஆவணம் என்ன கூறுகிறது என்பதைப் பாருங்கள்.

தொடர்பு எண்கள்

அவசர ஊர்தி: 108
மருத்துவ ஆலோசனையும் தகவலும்: 104
முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: 1800 425 3993
ஆயுஷ்மான் பாரத் திட்டம்: 14555
காப்பீட்டுப் புகார்: 155255
இணைய நிதி மோசடி: 1930

திட்டங்களின் தொகையும் நிபந்தனைகளும் அரசாணைகளின்படி அவ்வப்போது மாற்றப்படும். சேர்க்கைக்கு முன் மேற்கண்ட எண்களில் நடப்பு நிலையை உறுதி செய்துகொள்ளுங்கள். இப்பக்கம் பொதுத் தகவலுக்கு உரியது. சிகிச்சை குறித்த முடிவுகளை உங்கள் மருத்துவருடன் கலந்தே எடுக்க வேண்டும்.